போரால் கிராமத்துப் பாட்டி

கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளி கோயிலுக்குப் போவார்கள். விக்டோரியா மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். ஹௌரா பாலத்தின் மேல் நின்று ஹூக்ளி நதியைக் கண் குளிரக் காண்பார்கள். புறப்படும் நாளன்று ஒரு சட்டி ரசகுல்லாவும் இரண்டு கைத்தறிப் புடவையும் வாங்கிக்கொண்டு சென்னை மெயிலில் ஏறிவிடுவார்கள். எல்லாம் செய்ய வேண்டியவைதான். ஆனால் அதற்குப் பிறகும் உங்கள் கையில் அரை நாள் மிச்சம் இருந்தால், வேறொரு யாத்திரைக்கு வழி சொல்கிறேன். செலவு அதிகம் இல்லை. நடையும் அதிகம் இல்லை. நகரத்தின் வடக்கே பெல்காச்சியா என்ற இடத்தில் மெட்ரோ ரயிலில் ஏற வேண்டும். தெற்குக் கோடியை நெருங்கும்போது கரியா என்ற இடத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து ஆட்டோ ரிக்ஷாவில் ஏறி, "போரால்" என்று சொன்னால் போதும்.

போரால் என்றதும், "யாருடைய போரால்?" என்று கேட்டுவிடாதீர்கள். அது ஊரின் பெயர். தமிழில் எழுதும்போது இப்படி ஒரு விபரீத அர்த்தம் வந்து சேர்ந்துவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு பொருத்தமில்லாததும் அல்ல. அந்த ஊரில் இரண்டரை வருஷ காலம் ஒரு யுத்தம் நடக்கத்தான் நடந்தது. ஒரு பக்கம், கையில் காசில்லாத சில இளைஞர்கள். மறு பக்கம், யாருக்கும் காத்திராத காலம். நடுவில் எண்பது வயதுக் கிழவி ஒருத்தி.

கிழவியின் பெயர் சுனிபாலா தேவி. 'சுனி' என்றால் வங்காளியில் கெம்புக் கல். நம் பக்கத்தில் பிறந்திருந்தால் மாணிக்கம்மாள் என்று பெயர் வைத்திருப்பார்கள். பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. முகத்தைச் சொன்னால் தெரிந்துவிடும். சத்யஜித் ராய் எடுத்த 'பதேர் பாஞ்சாலி'யில் பொக்கை வாயும் கூன் முதுகும் கிழிசல் புடவையுமாக ஒரு பாட்டி வருகிறாளே, குழந்தை துர்க்கா திருடிக்கொண்டு வரும் கொய்யாப் பழத்தைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக மாறுகிறதே, அந்தப் பாட்டிதான்.

அந்தப் படத்தைப் பார்த்த என் நண்பர் ஒருவர், "அது நடிப்பே இல்லை, ஐயா! படம் பிடிக்கப் போன கிராமத்தில் அந்தப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்திருப்பாள். காமிராவை எதிரே வைத்துவிட்டார்கள். அவள் பாட்டுக்கு இருந்தாள், இவர்கள் பாட்டுக்கு எடுத்தார்கள்" என்று அடித்துச் சொன்னார். அவர் இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. படம் முழுவதும் புதுமுகங்கள் என்றும், நடிக்கத் தெரியாதவர்களைக் கொண்டே ராய் இப்படி ஓர் அற்புதத்தைச் செய்துவிட்டார் என்றும் ஒரு கதை உலகமெங்கும் உலவுகிறது.

அதனால்தான் உங்களை நேரே போராலுக்கு அழைத்துக்கொண்டு போகாமல் பெல்காச்சியாவில் ரயில் ஏறச் சொல்கிறேன். அதன் பக்கத்தில் உள்ள பைக்பாராவில்தான் சுனிபாலா தேவி வசித்து வந்தார். படப்பிடிப்பு நாட்களில் விடியற்காலையில் ஒரு டாக்ஸி வந்து அவரை ஏற்றிக்கொண்டு, பட்டணத்தை வடக்கிலிருந்து தெற்காக முழுதும் கடந்து போராலுக்குப் போகும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடும். அந்தப் பாதையின் அடியில் இப்போது ரயில் ஓடுகிறது. ஓர் ஆயுட்காலத்துக் கதை அந்த ரயில் பாதையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அடுக்கி வைத்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

ரயில் ஏறியதும் ஷ்யாம்பஜார் வரும். இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் கிரீஷ் பார்க். கிரீஷ் சந்திர கோஷ் வங்காள நாடக மேடையின் பிரம்மா. அவர் பெயரில்தான் அந்த ஸ்டேஷன். இந்தச் சுற்று வட்டாரந்தான் அந்தக் காலத்து நாடகக் கொட்டகைகளின் பேட்டை. சுனிபாலா தேவி ஆதியில் நாடக நடிகை. அவர் பிறந்த காலத்தை ஒட்டி, 1873-ம் வருஷம், பெங்கால் தியேட்டர் என்ற நாடகக் கம்பெனி பெண் வேஷத்துக்குப் பெண்களையே போடுவது என்று துணிந்தது. நாலு பேரைச் சேர்த்தார்கள். குடும்பத்துப் பெண்கள் யாராவது வருவார்களா? தாசி வீதிகளிலிருந்துதான் அழைத்து வந்தார்கள். விதவைகளுக்கு மறுமணம் வேண்டும் என்று சட்டம் வரும்வரை போராடிய ஈசுவர சந்திர வித்தியாசாகரே, இது தமக்குச் சம்மதம் இல்லை என்று அந்தக் கம்பெனியின் கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். மேடையில் சீதையாகவும் சாவித்திரியாகவும் வந்தால் ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள். அதே பெண் கீழே இறங்கி வந்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

விநோதினி தாசியின் கதை ஒன்று போதும். ஸ்டார் தியேட்டரைக் கட்டுவதற்குப் பணம் கிடைக்க வேண்டும் என்று தன் வாழ்க்கையையே ஒரு தனவந்தரிடம் அடகு வைத்தவள் அவள். கொட்டகைக்கு உன் பெயரையே வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1883-ல் கொட்டகை எழும்பியது. பெயர்ப் பலகையில் 'ஸ்டார்' என்று இருந்தது! இருபத்து நாலு வயது ஆவதற்குள் அவள் மேடையை விட்டே போய்விட்டாள். பிறகு ஹாத்திபாகானுக்கு இடம் மாறிய அதே ஸ்டார் தியேட்டருக்கு 'விநோதினி' என்று பெயர் சூட்டியது எப்போது தெரியுமா? 2024-ம் வருஷக் கடைசியில். வாக்கு நிறைவேற நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

இந்த உலகத்தில் வளர்ந்தவர் சுனிபாலா. எத்தனையோ இரவுகள் நடித்திருப்பார். அவற்றுக்குப் படம் ஏது, பதிவு ஏது? திரை பழையபடி விழுந்ததும் எல்லாம் காற்றோடு போயிற்று. சினிமா வந்தது. 1930-ல் 'விக்ரஹ' என்ற ஊமைப் படத்திலும், 1939-ல் 'ரிக்தா' என்ற பேசும் படத்திலும் சிறிய வேஷங்களில் தலை காட்டினார். அவ்வளவுதான். பிறகு யாரும் கூப்பிடவில்லை. கதாநாயகிக்கு நாற்பது வயதில் மார்க்கெட் போய்விடுகிறது என்று நாம் அங்கலாய்க்கிறோம். குணசித்திர நடிகையின் விஷயம் இன்னும் வேடிக்கை. மார்க்கெட் போனது யாருக்குமே தெரிவதில்லை.

ரயில் போகட்டும். கிரீஷ் பார்க்கைத் தாண்டி, எஸ்பிளனேடைத் தாண்டி, தெற்கே ஜதீன் தாஸ் பார்க் என்று ஒரு ஸ்டேஷன் வரும். அதன் பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அங்கே ஒரு வேலை இருக்கிறது. அதற்குள் மற்றொரு மனிதரை அறிமுகம் செய்து வைக்கிறேன்.

சத்யஜித் ராய் அப்போது முப்பது வயது கடந்த இளைஞர். விளம்பரக் கம்பெனி ஒன்றில் சித்திரக்காரர். விபூதிபூஷண் பந்தோபாத்யாயர் எழுதி 1929-ல் புத்தகமாக வந்த 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் போட்டுக் கொடுத்தவர். படம் போடும்போதே அதை சினிமாவாக எடுக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. 1950-ல் ஆபீஸ் வேலையாக லண்டன் போனவர் அங்கே 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தார். ஸ்டூடியோவும் நட்சத்திரமும் இல்லாமல், தெருவிலேயே படம் எடுக்க முடியும் என்று அந்தப் படம் அவருக்குத் தைரியம் கொடுத்தது. ஊருக்கு வந்து பட முதலாளிகளின் வாசற்படி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, காதல் இல்லை, முக்கிய பாத்திரம் ஒரு கிழவி என்றால் எந்த முதலாளி பணம் போடுவார்?

கிழவியே பெரிய பிரச்னையாகத்தான் இருந்தாள். நாவலில் வரும் இந்திர் டாக்ருண் எழுபத்தைந்து வயது விதவை. கன்னம் ஒட்டி, முதுகு கூனி, முன்பக்கம் வளைந்து நடக்கிறவள். அந்தக் காலத்து வங்காளத்தில் குலீன பிராமணர் என்போர் ஊருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டு, எப்போதாவது மாமனார் வீட்டை எட்டிப் பார்ப்பார்கள். பெண் பிறந்த வீட்டிலேயே காலம் தள்ளுவாள். என்றோ ஒரு நாள், எங்கோ புருஷன் செத்துப்போனான் என்று செய்தி வரும். அன்றிலிருந்து விதவை! இந்திர் அப்படிப்பட்ட ஒருத்தி. தூரத்து உறவான ஹரிஹரின் வீட்டில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறாள். ஹரிஹரின் மனைவி சர்வஜயாவுக்கோ இரண்டு குழந்தைகளின் வாய்க்கே போதாத வறுமை. கிழவியின் பங்குச் சோறு கண்ணை உறுத்துகிறது.

இந்த வேஷத்துக்கு இளம் நடிகை ஒருத்திக்கு மாவு பூசிச் சுருக்கம் வரைந்து நிறுத்தினால், பட்டப் பகல் வெளிச்சத்தில் சாயம் வெளுத்துவிடும். நிஜமான கிழவி வேண்டும். அவளுக்கு வசனம் நினைவிருக்க வேண்டும். வெயிலில் நிற்கவும் நடக்கவும் தெம்பு வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து எங்கே கிடைக்கும்? படத்தில் பக்கத்து வீட்டுப் பணக்கார அம்மாளாக நடித்த ரேபா தேவிதான் துப்புக் கொடுத்தார். பைக்பாராவில் இப்படி ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

ராய் போய்ப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததுமே பாதிக் கவலை தீர்ந்தது. ஞாபக சக்தி எப்படி என்று சோதிக்க வேண்டுமே? குழந்தைகளுக்குச் சொல்லும் தாலாட்டு ஒன்றைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். ராய்க்கு அதில் சில அடிகள்தான் தெரியும். கிழவி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ராய் கேட்டே இராத அடிகளெல்லாம் வந்தன. அடுத்த கேள்வி: விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து, பதினைந்து மைல் டாக்ஸியில் வந்து, நாள் முழுதும் வேலை செய்துவிட்டு மறுபடி அவ்வளவு தூரம் திரும்ப முடியுமா? முடியும் என்றார் சுனிபாலா. சம்பளம் தினம் 20 ரூபாய் என்று ஏற்பாடாயிற்று.

பேசிக்கொண்டே வந்ததில் டாலிகஞ்ச் வந்துவிட்டது. நம் கோடம்பாக்கம் போல் கல்கத்தாவின் ஸ்டூடியோக்கள் எல்லாம் இந்தப் பக்கந்தான். ஸ்டேஷனின் பெயர் 'மகாநாயக் உத்தம குமார்'. வங்காளத் திரையின் ஈடு இணையற்ற கதாநாயகர் அவர். அவர் பெயரை வைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கதாநாயகனுக்கு ஸ்டேஷன் உண்டு, பாட்டி வேஷக்காரிக்கு ஒரு பெஞ்சுகூட இல்லை என்பதை வழிப்போக்கன் என்ற முறையில் குறித்துக்கொண்டேன். சுனிபாலாவின் டாக்ஸி இந்த ஸ்டூடியோக்களைத் தாண்டித் தெற்கே போயிற்று. இரவுக் காட்சிகளுக்கு மட்டும் ஸ்டூடியோவில் 'செட்' போட்டார்கள். பகல் காட்சிகள் எல்லாம் கிராமத்தில்.

இதற்கு மேல் ரயில் பூமியை விட்டு வெளியே வந்து உயரே ஏறிவிடுகிறது. ஜன்னல் வழியே கீழே எட்டிப் பாருங்கள். கறுத்துப்போன ஒரு கால்வாய் கூடவே ஓடி வரும். அதன் நடுவிலேயே ரயில் பாலத்தின் தூண்களை நட்டிருக்கிறார்கள். சாக்கடை என்று மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இதன் பெயர் ஆதி கங்கை! ஒரு காலத்தில் கங்கா நதி கடலுக்குப் போன பழைய வழி இதுதான். காளி கோயிலும் இதன் கரையில்தான் இருக்கிறது. நதி வேறு பக்கம் திரும்பிய பிறகு இது இந்தக் கதிக்கு ஆளாயிற்று.

'கவி நஸ்ருல்' என்று பெயர் போட்ட ஸ்டேஷனில் இறங்கினால் கரியா பஜார். மீன் கூடைகளையும் கீரைக் கட்டுகளையும் தாண்டி ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து சிறிது தூரத்தில் போரால். இன்று அது ராஜ்பூர் சோனார்பூர் முனிசிபாலிடியைச் சேர்ந்த புறநகர். மாடி வீடுகள், மருந்துக் கடைகள், டியூஷன் விளம்பரங்கள்! கிராமம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துதான் போவீர்கள். ஆனால் குளங்கள் இன்னும் இருக்கின்றன. படத்தில் நீர்ப் பூச்சிகள் வட்டமிடும் அந்தத் தண்ணீரின் பச்சை நிறத்தைக் கறுப்பு வெள்ளையில் நாம் பார்க்கவில்லையே, அதை இங்கே பார்க்கலாம்.

போராலில் திரிபுரசுந்தரி ஆலயம் ஒன்று பிரசித்தம். நம்மவர்களுக்கு வேறொரு விதத்திலும் இந்த ஊர் உறவு. ராஜ்நாராயண் பாசு என்ற பெரியவர் 1826-ல் பிறந்தது இங்கேதான். அவருடைய பெண் வயிற்றுப் பேரர்தான் 1910-ல் புதுச்சேரிக்கு வந்து, 1950-ல் அங்கேயே சமாதி அடைந்த ஸ்ரீ அரவிந்தர். தாத்தாவின் ஊர் இது என்றதும் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர் போலத் தோன்றிவிட்டது!

படத்தில் பார்த்த இடிந்த வீட்டைத் தேடாதீர்கள். அந்த உருவத்தில் அது இப்போது இல்லை. அன்றைக்கு வீட்டுக்காரர் நோயாளியாகக் கல்கத்தாவில் படுத்திருந்தார். மாதம் 50 ரூபாய் வாடகைக்கு அந்தப் பாழடைந்த வீட்டை ராய் கோஷ்டி எடுத்துக்கொண்டது. படமே 1952 அக்டோபரில், போராலில் அல்ல, பர்த்வான் பக்கத்துப் பால்சிட்டில், நாணல் பூத்த வெளியில்தான் ஆரம்பமாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக் காட்சி எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், பூவையெல்லாம் மாடு தின்றுவிட்டிருந்தது! மறுபடி நாணல் பூக்கும்வரை அந்தக் காட்சி காத்திருந்தது. 1953-ல் போராலில் வேலை தொடங்கியது. காமிராக்காரர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. அதற்கு முன் சினிமா காமிராவை இயக்கியவரே அல்ல. சர்வஜயாவாக நடித்த கருணா பானர்ஜியும் சினிமாவுக்குப் புதியவர். டைரக்டருக்கோ இதுதான் முதல் படம்.

இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரியான கூட்டத்துக்கு நடுவில், தொழில் தெரிந்தவராக எண்பது வயதுக் கிழவி வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரன் ஹரிஹராக நடித்த கானு பானர்ஜியும், மளிகைக் கடை வாத்தியாராக வந்து சிரிக்க வைத்த துளசி சக்ரவர்த்தியும் தொழில் நடிகர்கள்தான் என்றாலும், அநுபவத்தில் சுனிபாலாவுக்கு அவர்கள் பேரப் பிள்ளைகள்.

அவருடைய ஞாபகம் எப்படிப்பட்டது என்று ராய் பின்னால் எழுதியிருக்கிறார். சினிமாவில் ஒரு காட்சியின் முன் பாதியை இன்றைக்கும் பின் பாதியை அடுத்த மாதமும் எடுப்பார்கள். மூட்டை எந்தக் கையில் இருந்தது, செம்பு எந்தக் கையில் இருந்தது, முகத்தில் வேர்வை இருந்ததா, புடவை நனைந்திருந்ததா என்பதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். அதற்கென்று நோட்டுப் புத்தகமும் ஆளும் வைத்துக்கொள்வது வழக்கம். இங்கே பல சமயம் கிழவியே அந்த வேலையைச் செய்தார். முகத்தில் வேர்வை இருக்க வேண்டுமே, மூட்டை அந்தக் கையில் அல்லவா இருந்தது என்று அவராகவே எடுத்துச் சொல்லித் திருத்துவாராம். "அவள் பாட்டுக்கு இருந்தாள்" என்ற நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவருக்குத் தினம் அபின் வேண்டும். அந்தத் தலைமுறை வயோதிகர் பலருக்கும் இருந்த பழக்கந்தான். அது தவறிய ஒரு நாள் மயக்கம் போட்டுவிட்டார். கோஷ்டி முழுவதற்கும் கதி கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும்? அவருடைய மூச்சை நம்பித்தானே படம் நின்றது! பணம் வந்தால் படம் பிடிப்பார்கள், தீர்ந்தால் நிறுத்திவிடுவார்கள். ராய் தம் இன்ஷூரன்ஸ் பாலிஸியின்மேல் கடன் வாங்கினார். ஆசையாகச் சேர்த்த சங்கீத இசைத்தட்டுகளை விற்றார். மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. பிறகு விற்பதற்கும் ஒன்றும் இல்லாமல், ஏறக்குறைய ஒரு வருஷம் வேலை நின்று கிடந்தது. கடைசியில் முதல் மந்திரி டாக்டர் பி. சி. ராயின் தயவில் மேற்கு வங்காள அரசாங்கம் கை கொடுத்தது. 'பாதையின் பாட்டு' என்று பெயர் கொண்ட படம் அல்லவா? அந்தப் பணம் அரசாங்கக் கணக்கில் சாலை அபிவிருத்திச் செலவாக ஏறியது!

அந்த ஒரு வருஷத்தை நினைத்துப் பாருங்கள். போராலில் வீடு பூட்டிக் கிடக்கிறது. சிறுவன் அப்புவுக்குக் குரல் உடைந்துவிட்டால் படம் போச்சு. துர்க்கா மளமளவென்று வளர்ந்துவிட்டால் படம் போச்சு. பைக்பாராவில் கிழவிக்கு ஒரு ஜலதோஷம் முற்றினால் அதோடு எல்லாம் போச்சு. மூன்றும் நடக்காததை மூன்று அதிசயங்கள் என்று ராய் பிற்காலத்தில் சொல்வதுண்டு. முதல் இரண்டும் இயற்கை செய்த உதவி. மூன்றாவதில் கிழவியின் பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பல வருஷம் கழித்து ஒரு வேஷம் கிடைத்திருக்கிறது, முடிக்காமல் போவதாவது!

ராய் இன்னொரு காரியமும் செய்தார். நாவலில் இந்திர் ஆரம்பத்திலேயே, கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் சூழ இறந்துபோகிறாள். படத்தில் அவளை நெடுநேரம் வாழ வைத்து, மூங்கில் தோப்பில் தனியாகச் சாக வைத்தார். குழந்தைகள் இருவரும் ரயிலைப் பார்த்துவிட்டுக் குதூகலமாகத் திரும்பி வருகிறார்கள். பாட்டி குந்தி உட்கார்ந்து முழங்காலில் தலை கவிழ்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று துர்க்கா அவளைத் தொட்டு ஆட்டுகிறாள். பாட்டி பக்கவாட்டில் சாய்ந்து விழ, தலை மண்ணில் மோதுகிறது. அந்தச் சப்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது பாடைக் காட்சி. எண்பது வயதுக் கிழவியிடம், "அம்மா, பாடையில் படுக்க வேண்டும்" என்று எப்படிக் கேட்பது? நம் வீடுகளில் கேட்டால் துடைப்பம் பறக்கும். ராய் தயங்கித் தயங்கிச் சொன்னார். நடிப்புத்தானே, இதில் எனக்கு என்ன ஆட்சேபம் என்றுவிட்டார் சுனிபாலா. மூங்கில் பாடையில் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். காட்சி முடிந்தது. பாடையை இறக்கிக் கட்டை அவிழ்த்தார்கள். கிழவி அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் ரத்தம் உறைந்துவிட்டது. அப்போது கிழவி கண்ணைத் திறந்து, எடுத்து முடித்துவிட்டீர்களா, யாரும் சொல்லவே இல்லையே, நான் இன்னும் செத்தபடியே அல்லவா கிடக்கிறேன் என்று கேட்டாராம்!

பாட்டு இல்லாத படம் என்றேன் அல்லவா? ஒன்று உண்டு. பாட்டி தன்னந்தனியாக உட்கார்ந்து, பொழுது சாய்ந்துவிட்டது, என்னை அக்கரைக்குக் கொண்டு விடு என்று ஹரியை வேண்டும் பழைய பாட்டு. பக்க வாத்தியம் கிடையாது. பண்டிட் ரவிசங்கர் இசை அமைத்த படத்தில் வாத்தியமே தொடாத அந்தப் பாட்டு, சுனிபாலாவின் சொந்தக் குரலில் இருக்கிறது. முதலில் வேறொரு பக்திப் பாட்டைப் பாடிக் காட்டினாராம். சில நாள் சென்று, அதைவிட நல்லதாக ஒன்று ஞாபகம் வந்தது என்று இதைப் பாடினாராம். வீட்டுக்குப் போயும் அந்த வேஷத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

போராலில் ஒரு மண் குவளைத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். ஜதீன் தாஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று சொன்னேன். அதன் பக்கத்தில் பாசுஸ்ரீ என்ற சினிமாக் கொட்டகை. 1955 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலையில் படத்தை முதலில் காட்டினார்கள். கல்கத்தா ஜனங்களுக்கு இந்த பாசுஸ்ரீயில் ஆகஸ்டு 26-ந் தேதி வெளியிட்டார்கள். முதலில் கூட்டம் மந்தமாக இருந்து, பிறகு வாய்மொழியாகவே பரவிக் கொட்டகை நிரம்பிற்று. ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வந்தது. 1956-ல் கான் நகரப் பட விழாவில், மனித வாழ்வைக் காட்டும் மிகச் சிறந்த சித்திரம் என்று பரிசு கிடைத்தது. சுனிபாலா தேவி இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. படம் வெளியாவதற்கு முன்பே, அந்த 1955-லேயே காலமாகிவிட்டார்.

அத்தோடு விட்டதா? 1993-ல் லண்டனில், ராய் படங்களின் மூல நெகட்டிவ்களை வைத்திருந்த பட லாபரட்டரியில் தீப் பிடித்தது. அரைகுறையாக எரிந்து, சுருங்கி, விறைத்துப்போன பிலிம் சுருள்கள் இருபது வருஷம் டப்பாவில் கிடந்தன. இத்தாலியில் பொலோனா நகரத்துக் கைதேர்ந்த ஆட்கள் அவற்றை ரசாயனத்தில் பதப்படுத்தி, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள். எரிந்து அழிந்த பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். 2015 மே மாதம், முதலில் காட்டிய அதே நியூயார்க் காட்சிசாலையில் படம் புதுப்பொலிவோடு ஓடிற்று. கிழவி முகத்தின் சுருக்கம் ஒவ்வொன்றும் இப்போது நன்றாகத் தெரிகிறது.

அந்தப் புதிய பிரதி கிடைத்தால் பாருங்கள். பார்க்கும்போது ஒரு காட்சியில் மட்டும் கதையை மறந்துவிட்டு, பாட்டியின் கைகளையே கவனியுங்கள். சாகும் காலம் நெருங்கிவிட்டது. இருக்க இடம் கேட்டு வீட்டுக்கு வருகிறாள். சர்வஜயா இரங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாலும், நீயே எடுத்துக்கொள் என்ற பாவனைதான். பாட்டி மெள்ளப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக் குடிக்கிறாள். செம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. போகிற வழியில் ஒரு சின்னச் செடி. மிச்சத் தண்ணீரை அதற்கு ஊற்றுகிறாள். பிறகு திரும்பி ஒரு பொக்கைச் சிரிப்புச் சிரித்துவிட்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். மூட்டை எந்தக் கையில் இருக்கிறது, செம்பு எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அடுத்த காட்சியிலும் அது அந்தக் கையில்தான் இருக்கும்.